முட்டாளின் மூட்டை

சாக்கைக் கவிழ்த்தபோது ஏலக்காயோடு சேர்ந்து அவனும் விழுந்தான். நேராக என் மடியில்.

எழுபதுகளின் பின்பாதி அது. எனக்குப் பத்தொன்பது வயது. போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலை. மலையிலிருந்து மூடை மூடையாகக் காய் இறங்கும். நாங்கள் பதினொரு பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, மூங்கில் சொளகில் அள்ளிப் போட்டுக்கொண்டு, பச்சைக் காய் தனி, வெளுத்தது தனி, வாய் பிளந்தது தனி என்று பிரிப்போம். வேலையெல்லாம் விரலுக்குத்தான். வாய்க்கு வேலையே இல்லை. அதனால் அந்தக் கிட்டங்கியில் பேச்சுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

மடியில் விழுந்தது ஒரு பட அட்டை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். நுனியெல்லாம் கையழுக்கு ஏறி, ஏலக்காய் வாசம் பிடித்திருந்தது. முதலில் நான் தீப்பெட்டிப் படம் என்று நினைத்தேன். தூசியை ஊதிவிட்டுப் பார்த்தால், ஒரு மலை உச்சியின் விளிம்பில் ஒரு பையன் நிற்கிறான். பூப்போட்ட சட்டை, தலையில் ஒரு சிவப்பு இறகு. தோளில் ஒரு கம்பு, கம்பு நுனியில் ஒரு சின்ன மூட்டை. இடது கையில் ஒரு வெள்ளை ரோசாப்பூ. காலடியில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி துள்ளுகிறது. இன்னும் ஓர் எட்டு வைத்தால் பள்ளம். அவனோ வானத்தைப் பார்த்துக்கொண்டு, மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிறவன் மாதிரி நிற்கிறான்.

“சூரியன் வெள்ளையா இருக்கு, வானம் மஞ்சளா இருக்கு. படம் போட்டவன் சாயத்த மாத்தி அடிச்சிட்டான்” என்றாள் மதினி. என் பெரியப்பா மகனைக் கட்டியவள் அவள். என் பக்கத்துச் சொளகு அவளுடையது. எதையும் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

அட்டை கை மாறி வட்டம் சுற்றியது. நாய் இருப்பதால் பைரவர்தான் என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பைரவர் ரோசாப்பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று இன்னொருத்தி கேட்டாள். தேவாரத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் ஓர் அக்கா மட்டும் அட்டையைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார்.

“நாய் இப்பிடித் துள்ளுதுன்னா, பின்னால ஆனை வருதுன்னு அர்த்தம். எங்க ஊர்ல இப்பிடித்தான் குலைக்கும். இந்தப் பய திரும்பிப் பாக்க மாட்டேங்கிறானே!”

அவர் சொன்னதும் எங்களுக்கெல்லாம் அட்டைக்கு வெளியே ஓர் ஆனை நிற்பது தெரிந்துவிட்டது. வட்டமே பதறியது.

சத்தம் கேட்டுக் கணக்கப்பிள்ளை வந்தார். பத்தாவது வரைக்கும் போனவர். கிட்டங்கியிலேயே இங்கிலீஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அட்டையின் அடியில் இருந்த எழுத்துகளை உதட்டுக்குள் கூட்டிப் படித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார்.

“முட்டாள்னு போட்டிருக்கு.”

“யார?”

“இவனத்தான். பேரே அதுதான். மேல பாரு, மார்க்கும் போட்டுருக்கான். முட்டை.”

உண்மைதான். பையனின் தலைக்கு மேலே ஒரு பூச்சியம் இருந்தது. ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையிலிருந்தே எனக்கும் பூச்சியத்துக்கும் பழக்கம். அதைச் சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். மதினி சொளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அதான் ஆளத் தேடி வந்து மடியில விழுந்துருக்கான்!” அன்று சாயங்காலம் வரைக்கும் பச்சைக் காயும் வெளுத்த காயும் கலந்தே கிடந்தன.

அட்டையை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எவனோ ஒருவன் மெனக்கெட்டு, இத்தனை வண்ணம் போட்டு ஒரு முட்டாளை எதற்கு வரையவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. முட்டாளென்றால் வாயைப் பிளந்துகொண்டல்லவா இருக்கவேண்டும்? இவன் முகம் தெளிவாக இருந்தது. மூக்கு, நாடியெல்லாம் லட்சணம். அவன் முன்னால் நீட்டிய காலையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் கால் இறங்கிவிடுமா, இறங்காதா?

மறுநாள் கிட்டங்கியில் பேச்சு மூட்டைக்குத் தாவியது. அவன் கம்பில் கட்டியிருக்கும் மூட்டை மிகச் சின்னது. ஒரு வேளைக் கட்டுச்சோற்றுக்கு மேல் அதில் அடங்காது. உள்ளே என்ன இருக்கும்? அப்படியே பேச்சு வளர்ந்து, நாம் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போவதாக இருந்தால் அந்த மூட்டையில் என்ன வைப்போம் என்று வந்து நின்றது.

ஒருத்தி வெற்றிலை என்றாள். ஒருத்தி மாற்றுச் சேலை. ஒருத்தி, அம்மா வீட்டுக் காதுத் தோடு. புதிதாகக் கல்யாணமான ஒருத்தி “அவுகள வைக்க முடியாதே” என்று வெட்கப்பட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். நாலு பிள்ளை பெற்ற ஒருத்தி மட்டும் கைவேலையை நிறுத்தாமல், “நான் ஒண்ணும் வைக்க மாட்டேன். நாலையும் விட்டுட்டுக் கெளம்புறதே இம்புட்டுச் சுமையாத் தெரியும். இன்னும் மூட்டை வேறயா?” என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சொளகைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பிறகு அவளே, “சரி, கொஞ்சம் காப்பித்தூள் வைக்கிறேன்” என்று சொல்ல, சிரிப்பு திரும்ப வந்தது.

“ஒனக்கு?” என்றாள் மதினி என்னைப் பார்த்து.

 மூட்டையைவிட அந்த விளிம்புதான் என் மண்டைக்குள் இருந்தது. பிறந்ததிலிருந்து வாசலில் நின்று அந்த மலையைப் பார்க்கிறேன். அதில் விளையும் காயைத் தொட்டுத் தொட்டு என் விரலே மணக்கிறது. ஆனால் ஒருதரம்கூட மேலே ஏறியதில்லை.

“மதினி, மேல இப்பிடி எடம் இருக்குமா? இப்பிடி நிக்கிற மாதிரி?”

மதினி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அட்டை விழுந்த சாக்கு மூடையில் சிவப்புச் சாயத்தில் ஒரு பிறை போட்டிருந்தது. எந்த எஸ்டேட் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டோம். மலை உச்சியில் போடிமெட்டு, அதற்கு அந்தப் பக்கம் அரைமணி நடை என்றார். அதே பக்கத்தில்தான் மதினியின் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. வரும் புதன்கிழமை கிட்டங்கிக்கு லோடு கிடையாது. இவ்வளவும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? “பச்சப்புள்ளயப் பாத்துட்டு வெரசா வந்துர்றோம் சின்னத்தை” என்று மதினி என் அம்மாவிடம் சொன்னாள். அம்மா தலையாட்டினாள். “வெள்ளிக்கிழமை ராசிங்காபுரத்துல இருந்து பொண்ணு பாக்க வர்றாக. வெயில்ல சுத்திக் கறுத்துப் போயிராத” என்பது மட்டுமே எனக்கு வந்த கட்டளை.

புதன்கிழமை காலையில் ஜீப்பு ஏறினோம். ஜீப்பு என்று பெயர்தான். உள்ளே எத்தனை பேர் என்று எண்ண முடியாது, ஏனென்றால் எந்தக் கை யாருடையது என்று தெரியாது. என் மடியில் யாருடையதோ ஒரு கோழி. அடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அந்தக் கோழி கண்ணை மூடிக்கொண்டது. நானும் மூடினேன். மூடினால் இன்னும் சுற்றியது. திறந்தால், இடது பக்கம் மலை. வலது பக்கம் ஒன்றுமில்லை. அடுத்த வளைவில் வலது பக்கம் மலை. இடது பக்கம் ஒன்றுமில்லை. வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பதுக்கு மேல் எண்ணிக்கை குழம்பிவிட்டது.

பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். பிறவிக் கோளாறு. எதிரே லாரி வந்து, டிரைவர் ஜீப்பைப் பின்னால் எடுத்தபோது, பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்த ஓர் ஆள், “ஆத்தாடி!” என்று மட்டும் சொன்னார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. மதினி எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்துத் தேய்த்தாள். சிரித்துக்கொண்டே வாந்தி எடுத்தேன். வாந்தி எடுத்துக்கொண்டே சிரித்தேன். கோழிக்காரி தன் கோழியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மேலே இறங்கியதும் குளிர் கன்னத்தில் அறைந்தது. மதினியின் தங்கையையும், மூக்கும் முழியுமாக இருந்த அவள் பிள்ளையையும் பார்த்து, கொண்டுபோன மருந்தையும் கருப்பட்டியையும் கொடுத்துவிட்டு, பிறை போட்ட எஸ்டேட்டை விசாரித்துக்கொண்டு நடந்தோம். எஸ்டேட் வாசலில் ஒரு டீக்கடை. கடைக்காரிக்கு ஐம்பது வயதிருக்கும். கம்பம் பக்கத்தில் பிறந்து, மலையில் முப்பது வருஷம் இருந்ததில் மலையாளமும் தமிழும் அவர் வாயில் பாலும் டிக்காஷனுமாகக் கலந்துவிட்டிருந்தன. அட்டையை எடுத்துக் காட்டியதுதான் தாமதம், கையிலிருந்த டம்ளரை அப்படியே போட்டுவிட்டார்.

“என்டே ஈசுவரா! இவன் எங்கே கிடைச்சு மோளே? ரெண்டு மாசமாத் தேடறேன்!”

உள்ளே ஓடிப்போய் ஒரு மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்துவந்தார். அவிழ்த்தால், அதே அளவில், அதே முதுகோடு ஒரு கட்டுப் படங்கள். அத்தனையும் வேறு வேறு.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் தாடி வைத்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் முதுகில் பையோடு நடந்து வந்தானாம். மழை விடவில்லை. பத்து நாள் கடையின் சாய்ப்புக் கூரைக்கடியிலேயே படுத்துக் கிடந்தான். கஞ்சியும் கிழங்கும் தின்றான். போகும்போது கையெடுத்துக் கும்பிட்டு, இந்தக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொல்லிப் பலன் சொல்லவேண்டும் என்பதை மட்டும் சைகையில் காட்டியிருக்கிறான். எந்தப் படத்துக்கு என்ன பலன் என்று சொல்ல அவனுக்குத் தமிழ் போதவில்லை.

“பெறகு என்ன செஞ்சீக?” என்றாள் மதினி.

“நானே சொல்லிக்கிட்டேன். படம் பாத்தாத் தெரியாதா?”

அவருக்குத் தெரிந்திருந்தது. மின்னல் விழுந்து இடிகிற கோபுரத்திலிருந்து இரண்டு பேர் தலைகீழாக விழும் படம் வந்தால், கூரை மாற்றச் சொல்வார். குப்புறக் கிடப்பவனின் முதுகில் பத்துக் கத்தி குத்தியிருக்கும் படம் வந்தால், கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வார். வெள்ளைக் குதிரைமேல் ஒருவன் வரும் படத்தைக் கண்டதும் மதினி, “அய்யனாரப்பா!” என்று கும்பிட்டுவிட்டாள். பிறகுதான் குதிரைமேல் இருப்பது எலும்புக்கூடு என்று பார்த்தாள். கும்பிட்ட கை அந்தரத்தில் நின்றது.

“பயப்படாதே. இந்தச் சீட்டு வந்தா மானேஜர் லீவுல போவாருன்னு சொல்லுவேன். எஸ்டேட் லைன் வீடுகள்ல எல்லாருக்கும் இதுதான் பிடிச்ச சீட்டு, கேட்டோ.”

மதினிக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொன்னார். ஒற்றைக் காலில் கட்டப்பட்டு, மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஓர் ஆள் வந்தான். தலையைச் சுற்றி ஒளிவட்டம் வேறு.

“இவன் வவ்வால் மனுசன். தொங்கினாலும் முகத்தப் பாரு, சுகமா இருக்கான். உன் வீட்ல எல்லாம் தலைகீழாத்தான் நடக்கும். நிமித்தி வைக்கப் போகாதே, உனக்குத்தான் கழுத்து வலிக்கும்.”

மதினி சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “எங்க மாமியாரப் பாத்திருக்கீகளா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு என் பையனைப் பற்றித்தான் தெரியவேண்டியிருந்தது. அவன் எப்படி மூடைக்குள் போனான் என்று கேட்டேன். காய் உலர்த்தும் ஸ்டோரில் சாக்குத் தைக்கும் ஓர் ஆளுக்கு அந்தச் சீட்டு வந்ததாம். அவனுக்கு ஊரை விட்டுப் போய்ப் பிழைப்பதா, இங்கேயே கிடப்பதா என்று மூன்று வருஷமாக யோசனை. படத்தைப் பார்த்துவிட்டு, ‘இது நான்தான் அக்கா, ஒரு நாள் வச்சுக்கிறேன்’ என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். சாக்குத் தைக்கக் குனிந்தபோது விழுந்திருக்கவேண்டும். அட்டை மூடையோடு போடிக்கு இறங்கியது. மறுநாள் காலையில் அவனும் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கோயம்புத்தூரில் மில்லில் இருப்பதாகக் கடிதாசி வந்ததாம்.

“அப்ப இந்தப் படத்துல இருக்கிறவன்? விழுந்துருவானா, மாட்டானா?”

கடைக்காரி அட்டையைத் திருப்பி முதுகையும் பார்த்தார்.

“அது எனக்கெப்படித் தெரியும் மோளே? அடுத்த எந்தச் சீட்லயும் இவன் இல்லையே!”

இதற்கு டாரட் சீட்டு என்று பெயர் என்பது பத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையில் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பூச்சியம் என்றால் இன்னும் எண்ணத் தொடங்காதது, மூட்டை என்றால் முன்னனுபவம், வெள்ளை ரோசா என்றால் களங்கமின்மை என்று அதில் வரிசையாக விளக்கம் போட்டிருந்தது. நாய் என்றால் உள்ளுணர்வின் எச்சரிக்கையாம். தேவாரத்து அக்கா சொன்ன ஆனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அட்டையை ஒப்படைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, போடிமெட்டுக்குத் திரும்பி நடந்து, விளிம்புக்குப் போனோம். போனோம் என்று பன்மையில் சொல்லக்கூடாது. மதினி பத்தடி முன்னதாகவே உட்கார்ந்துவிட்டாள். பிறகு முழங்காலிட்டு, அதன் பிறகு நாலு காலில், கடைசியில் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்து, என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பிடிச்சிருக்கேன். நீ பாத்துக்க. எனக்கு ஒண்ணும் பாக்க வேணாம். என்னா தெரியுது?”

மேகம் எங்களுக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. அது விலகியபோது ஊர் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக நான் நடந்து தீர்க்கமுடியாத போடி, ஒரு சொளகில் அள்ளிவிடலாம் போல் கிடந்தது. ரயில் தண்டவாளம் ஒரு நூல். தெற்கே தள்ளி, பச்சையும் செம்மண்ணுமாகக் கட்டம் கட்டமாக ராசிங்காபுரம். அங்கங்கே கிணறுகள் வெயிலில் கண் சிமிட்டின. காற்று கீழேயிருந்து மேலே அடித்தது. தாவணி தலைக்கு மேல் பறந்தது. உள்ளங்காலிலிருந்து ஒரு கூச்சம் கிளம்பி, வழக்கம்போல் சிரிப்பாக வெளியே வந்தது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. சிரித்த வேகத்தில் இடது கால் ரப்பர் செருப்பு கழன்று, பாறையில் ஒருதரம் குதித்து, மேகத்துக்குள் போனது.

“என்னா விழுந்துச்சு? என்னா விழுந்துச்சு?” என்று மதினி கண்ணை மூடிக்கொண்டே அலறினாள்.

“செருப்பு!”

“ஒத்தையா, ரெண்டுமா?”

அந்தக் கேள்வியில் இருந்த அக்கறை என்னை இன்னும் சிரிக்கவைத்தது. அவளும் படுத்தபடியே சிரிக்கத் தொடங்கினாள். இரண்டு பேரும் பாறைமேல் கிடந்து சிரித்ததில் மத்தியான ஜீப்பு போய்விட்டது.

அடுத்த ஜீப்பு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. முந்தலுக்கு இறங்கும் பழைய நடைபாதையில் சந்தைக்குப் போகிற எஸ்டேட் பெண்கள் சிலர் கிளம்பினார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டோம். மூன்று மணி நேரம் இறக்கம். நான் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கினேன். எதற்கென்று தெரியாது. வழுக்கி விழுந்து, எழுந்து, முழங்காலுக்கு மேல் சேறு. தலையில் இலை. மதினியின் கொண்டை எப்போதோ அவிழ்ந்துவிட்டிருந்தது.

வெயில் சாயும் நேரத்துக்கு வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே ஜமுக்காளம் விரித்திருந்தது. அதில் தெரியாத ஆட்கள் ஏழெட்டுப் பேர். நடுவில் ஒரு பெரிய அம்மா. என் அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

“பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதுன்னு இன்னைக்கே கெளம்பி வந்துட்டோம்” என்று அந்தப் பெரிய அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே திரும்பி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். சேறு. இலை. கையில் ஒற்றைச் செருப்பு.

“இதான் பொண்ணா? எங்கத்தா போயிட்டு வர்ற?”

பிள்ளை பார்க்கப் போனேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யுமில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“ஒரு சீட்டக் குடுக்கப் போனேன்.”

“சீட்டா?” அவர் கை நெஞ்சுக்குப் போனது. “பொண்ணு சீட்டாடுமா?”

“ஆடல அத்தை, பாக்கத்தான் செஞ்சோம்” என்று மதினி பின்னாலிருந்து உதவிக்கு வந்தாள். “டீக்கடையில வச்சு.”

எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்தேன், உதட்டைக் கடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஜமுக்காளத்தின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். அவன்தான் மாப்பிள்ளை. அவனும் சிரிக்கிறான் என்று கண்டதும் அவன் அம்மாவான அந்தப் பெரிய அம்மா எழுந்துவிட்டார். ஏழெட்டுப் பேரும் எழுந்தார்கள். காப்பித் தம்ளர்கள் அப்படியே இருந்தன.

அன்று வீட்டில் எனக்கு விழுந்ததை எழுதவேண்டியதில்லை.

ஒரு வாரம் போயிற்று. வேலைக்கு நடுவில் கிட்டங்கி வாசலில் கணக்கப்பிள்ளை யாரிடமோ பேசுவது கேட்டது. “உர மூடை வாங்க வந்தேன். அப்பிடியே ஒரு விசயம் கேக்கணும்” என்றது அந்தக் குரல். அந்த ராசிங்காபுரத்து மாப்பிள்ளை. வெயிலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். பதினொரு பேரும் கையை நிறுத்திவிட்டோம். 

அவன் என்னைப் பார்க்காமல் சைக்கிள் மணியைப் பார்த்துக் கேட்டான். “அம்மா இன்னும் கோவமாத்தான் இருக்கு. அன்னைக்கு மலைக்குப் போயிருக்கீகன்னு உங்க அம்மா சொன்னாக. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். மேல இருந்து பாத்தா எங்க ஊரு தெரியுதா?”

“தெரியுது” என்றேன். “கட்டம் கட்டமா. கெணறு ஒண்ணு பொட்டு மாதிரி மின்னுச்சு.”

“அது எங்க கெணறாத்தான் இருக்கும்.”

“அந்த ஊர்ல எல்லாருந்தான் அப்பிடிச் சொல்லுவாக” என்றாள் மதினி.

அவன் முகம் சிவந்து, சைக்கிளில் ஏறி, உர மூடையை மறந்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் அவன் அம்மாவே வந்து நின்றார். யாரையும் கேட்காமல் வட்டத்துக்கு நடுவில் வந்து, இடுப்பில் கை வைத்தார். “சீட்டுன்னா என்னா சீட்டு? ரம்மியா, மங்காத்தாவா? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். மலை, விளிம்பு, இறகு, ரோசாப்பூ, மூட்டை, நாய். ஒருத்தி விட்டதை இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள். தேவாரத்து அக்கா ஆனையைச் சேர்த்தார். மாப்பிள்ளையின் அம்மா கேட்டுக்கொண்டே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். கை தானாக ஒரு சொளகை இழுத்துக்கொண்டது.

“அந்தப் பயகிட்டச் சோத்து மூட்டை இருக்குல்ல?” என்றார் கடைசியில். “நாய்க்கு ஒரு வாய் போட்டாத்தான் என்ன? அது எதுக்குத் துள்ளுது? பசியிலதான!”

இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நாலு பிள்ளைக்காரி, “அதான! அதான!” என்று தொடையில் தட்டினாள். அவர் ஒரு மணி நேரம் காய் பொறுக்கிவிட்டு, போகும்போது என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, “சேறு இல்லாம இருந்தா லட்சணமாத்தான் இருக்க” என்றார். தை மாதம் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது நானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது என்று மதினி சத்தியம் வாங்கியிருந்தாள், பார்த்துவிட்டோம். கெட்டிமேளம் எங்கள் சிரிப்பை மூடிவிட்டது.

மாமியாரை மேலே கூட்டிப்போக எனக்கு நாலு வருஷம் பிடித்தது. எண்பதுகள் பிறந்துவிட்டன. காடு இருக்கிறது, மாடு இருக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் திடீரென்று சேலையை மாற்றிக்கொண்டு, “வா, போவோம்” என்றார். ஜீப்பில் முன் சீட்டுத்தான் வேண்டும் என்று டிரைவரிடம் சண்டை போட்டு வாங்கினார். அவருக்கு வாந்தி வரவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும், “அப்பிடிப் போடு! அப்பிடிப் போடு!” என்று டிரைவரின் தோளில் தட்டினார். பின்னால் நானும் என் வீட்டுக்காரரும் மகளை மடியில் வைத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மாற்றி மாற்றி மோந்துகொண்டிருந்தோம்.

பத்தரை மணிக்குப் போடிமெட்டில் இறங்கியதும் அவர் நேராக விளிம்புக்கு நடந்தார். ஊர்ந்தெல்லாம் போகவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, களத்துமேட்டில் நிற்பதுபோல் நின்றார். நான் சேலையைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். அன்று மேகமில்லை. கீழே மொத்தப் பள்ளத்தாக்கும் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

“எங்க நம்ம காடு?”

அவர் மகன் கையை நீட்டிக் காட்டினார். தோட்டம், அதற்குள் கிணறு, கிணற்றிலிருந்து கிளம்பி வெள்ளிக் கம்பியாக ஓடும் தண்ணீர்.

மாமியார் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். சட்டென்று முகம் மாறியது.

“அட, தண்ணி பாயுது! மோட்டார் ஓடுது! வரப்பு ஒடஞ்சு போயிருமே, அந்த மனுசன் தூங்குறாரு!”

“அம்மா, அது ரொம்பத் தூரம்மா…”

அவர் கேட்கவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, மலையே அதிர, கீழே காட்டில் இருந்த மாமனாரைக் கூப்பிட்டார்.

“இந்தா… இங்கேருங்க! மோட்டார நிறுத்துங்க!”

சத்தம் பாறையில் பட்டு, எதிர்மலையில் பட்டு, மூன்று தரம் திரும்பி வந்தது. சுற்றுலா வந்திருந்த ஒரு குடும்பம் பொட்டலத்தைப் பிரித்த கையோடு உறைந்துபோனது. என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். மகள் தன் பங்குக்குக் கையைக் குவித்து, “மோட்டா!” என்று கத்தினாள்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது மாமனார் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மோட்டார எப்ப நிறுத்துனீக?” என்று மாமியார் கேட்டார்.

“பத்து, பதினொரு மணி இருக்கும்.”

மாமியார் எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தார். முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த வாரம் கோழிக்குஞ்சை அடைக்கச் சொல்லி மாமனாரை மாட்டுக்கொட்டத்திலிருந்து கூப்பிட்டு, அவர் காதில் விழவில்லை என்று சொன்னபோது, “மலையில இருந்து கூப்பிட்டாக் கேக்குது, மாட்டுக்கொட்டத்துல இருந்து கூப்பிட்டாக் கேக்கலயோ?” என்று ஊருக்கே கேட்கும்படி சண்டை பிடித்தார்.